மூக்கு மேலே ரிமோட்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டு ஹாலில் முப்பத்தெட்டு வயது பி.காம். பட்டதாரி ஒருவன், வெள்ளை நிற ரிமோட் ஒன்றை மூக்கில் ஒட்ட வைத்துக் கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டிக் கொண்டிருந்தான். சிலிண்டர் கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டார்: "சாருக்கு எத்தனை நாளா இப்படி?"

அந்த சார், அடியேன்தான்.

விஷயம் இதுதான். அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான், 'வீ' என்ற பழைய வீடியோ கேம் பெட்டியை என் பையனுக்குக் கொடுத்து விட்டுப் போனான். ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 2006 நவம்பரில் அமெரிக்காவில் இறக்கியது. அப்போது விலை 250 டாலர். உலகம் பூராவும் பத்து கோடிக்கு மேல் விற்று, தயாரிப்பும் எப்போதோ நின்று போய் விட்டது. அமெரிக்கச் சரக்கு என்பதால் 120 வோல்ட்தான் சாப்பிடும். நம் ஊர் 230-ஐ நேராகக் கொடுத்தால் புகைதான் மிஞ்சும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்தேன். இனாமாக வந்த பொருளுக்கு முதல் நாளே மூலதனச் செலவு! இதையெல்லாம் எங்களுக்கு காமர்ஸில் சொல்லித் தரவில்லை.

கூடவே வந்த கேம், 'வாரியோவேர்: ஸ்மூத் மூவ்ஸ்'. இருநூறுக்கு மேற்பட்ட குட்டி விளையாட்டுகள். ஒவ்வொன்றும் சுமார் ஐந்தே செகண்ட். ரிமோட்டை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முதலில் படம் காட்டும். குடை மாதிரி, கார் ஸ்டியரிங் மாதிரி, ஓட்டல் சர்வர் தட்டு மாதிரி உள்ளங்கையில், சாமுராய் வாள் மாதிரி இடுப்பில், உலக்கை மாதிரி முஷ்டியில்... யானை என்றால் மூக்கில். ஒவ்வொரு புதுப் பிடிக்கும் யோகா வகுப்பு போல சாந்தமான குரலில் ஒரு பிரசங்கம் வேறு. பிரசங்கம் முடிந்ததும் தலைதெறிக்க ஓட வேண்டும். என்ன செய்யச் சொல்கிறது என்று புரிவதற்குள் ஐந்து செகண்ட் முடிந்து விடும். நாலு தடவை தோற்றால் ஆட்டம் க்ளோஸ்!

இந்தக் கூத்தையெல்லாம் ஈஸிசேரில் சாய்ந்தபடி பேசாமல் பார்த்துக் கொண்டிருந்தவர் எங்கப்பா.

அப்பாவுக்கு எட்டு மாசம் முன்பு பக்கவாதம் வந்தது. பேச்சு தேறி விட்டது. நடையும் ஒரு மாதிரி சரியாகி விட்டது. வலது கைதான் வரவில்லை. வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், கையைத் தூக்கு, மணிக்கட்டைத் திருப்பு, டம்ளரைப் பிடி என்று ஒவ்வொன்றிலும் தினம் இருபது தடவை செய்யச் சொல்லியிருந்தார்.

அப்பா முப்பத்தைந்து வருஷம் ஹெட் கிளார்க். கூட்டலில் ஒரு பைசா உதைத்தால் ராத்திரி தூங்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷர், "மூணு... நாலு... இருபது. ஆச்சு, போதும்" என்று கண்ணை மூடிக் கொள்வார். பொய்க் கணக்கு! கேட்டால் கோபம் வரும். கோபத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்பதை நிறுத்தி விட்டேன்.

சிலிண்டர்காரர் போன பிறகு ஈஸிசேரிலிருந்து குரல் வந்தது. "ஏண்டா, தும்பிக்கையை யானை அப்படியா ஆட்டும்? நீ கோயில் யானையைப் பார்த்ததே இல்லியா? கொண்டா இங்கே."

நீட்டியது வலது கையை!

பேரன் ஓடிப் போய் மணிக்கட்டில் வாரைக் கட்டி விட்டான். இந்த வாருக்கும் ஒரு கதை உண்டு. 2006-ல் ஆட்ட வேகத்தில் பலர் கையிலிருந்து ரிமோட் பறந்து டி.வி.யைப் பதம் பார்க்க, நிண்டெண்டோ சுமார் 32 லட்சம் வார்களை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது.

அப்பா ஒரே நிமிஷத்தில் நாலு தடவையும் தோற்றார். "மிஷின்ல ஏதோ கோளாறு. இன்னொரு தரம் போடு."

அடுத்து வந்த நாட்களில் காப்பி குடித்ததும் இதே வேலை. ஒரு நாள் திரையில் சாமுராய் வந்தான். அப்பா வாளை உருவினார். கை தோளைத் தாண்டி மேலே போய் விட்டது! எட்டு மாசமாகப் போகாத உயரம். அவர் கவனம் முழுக்க திரையில். நான் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இறக்கி விடுவாரோ என்று பயம்.

இங்கேதான் எனக்குள் இருந்த பி.காம். விழித்துக் கொண்டது. கேம் செலவு பூஜ்யம். பிசியோ செலவு மாதா மாதம். எதை நிறுத்தலாம்? அடுத்த தடவை பிசியோதெரபிஸ்ட் வந்தபோது, "வாரத்துல ரெண்டு நாள் வந்தா போதாதுங்களா?" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

அவர் சிரித்தார். "உங்க பையனைக் கொஞ்சம் ஆடச் சொல்லுங்க சார்."

பையன் சோபாவில் படுத்தபடியே மணிக்கட்டை மட்டும் லேசாகச் சொடுக்கி வாள் வீசினான். ஜெயித்தும் விட்டான்!

"பார்த்தீங்களா? கை எங்கே இருக்குன்னு அதுக்குத் தெரியாது. ரிமோட் அசையறது மட்டும்தான் தெரியும்."

உண்மைதான். ரிமோட்டுக்குள் இருப்பது முடுக்கமானி. முடியை விட மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்கும் துளி சிலிக்கன். பஸ் பிரேக் போட்டால் நின்று கொண்டிருப்பவர் முன்னால் சாய்கிறார் இல்லையா, அதே தத்துவம். வீசினால் அந்தத் துளி நகரும். பூமி எப்போதும் கீழே இழுப்பதால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரிந்து விடும். டி.வி. மேல் வைக்கும் 'சென்சார் பார்' எதையும் உணர்வதே இல்லை. அதன் இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். அதைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. பார் உடைந்து விட்டால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தும் சமாளிக்கலாம்!

"அப்பா முழங்கையை நீட்டினாரா, இல்லே தோளைத் தூக்கி ஒப்பேத்தினாரா? அதை மிஷின் பார்க்காது, நான்தான் பார்க்கணும்" என்றவர், இன்னொன்றும் சொன்னார். பக்கவாதம் வந்த 141 பேரை வைத்து கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து மருத்துவர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2016-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வந்தது. எல்லோருக்கும் வழக்கமான பயிற்சி உண்டு. அதோடு பாதிப் பேருக்கு இதே 'வீ' விளையாட்டு. மீதிப் பேருக்கு சீட்டாட்டம், பந்து மாதிரி சாதாரணப் பொழுதுபோக்கு. இரண்டே வாரத்தில் பத்து தடவை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். முடிவு? இரண்டு கோஷ்டிக்கும் கை தேறியது. குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை!

"கையை வேலை வாங்கணும் சார். அலுக்காம திரும்பத் திரும்பச் செய்ய வைக்கறது எதுவா இருந்தா என்ன?"

எனக்கு முகம் விழுந்து விட்டது. அப்பாவுக்கோ ஏக குஷி. "அப்போ சீட்டுக்கட்டை எடுடா! முந்நூத்தி நாலு ஆடி எத்தனை வருஷமாச்சு!"

பிறகுதான் நினைவுக்கு வந்தது. நிண்டெண்டோ 1889-ல் கியோட்டோ நகரில் ஆரம்பித்ததே சீட்டுக்கட்டு தயாரிக்கத்தான்!

பிசியோதெரபிஸ்ட் பழையபடி வருகிறார். சாயங்காலம் அரை மணி ரிமோட், அரை மணி சீட்டு. (இந்த கேமின் தம்பி, 'வாரியோவேர்: மூவ் இட்!', 2023 நவம்பரில் ஸ்விட்ச் பெட்டிக்கு வந்திருக்கிறது. பரணில் பழசைத் தேட வேண்டாம். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், முதலில் டாக்டரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் கேட்டுக் கொண்டு ஆரம்பியுங்கள்.)

வலது கை முழுசாக வந்து விட்டது என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பித்தான் இன்னும் சண்டை போடுகிறது. ஆனால் போன வாரம் பின்கட்டில் அப்பா தனியாக எண்ணிக் கொண்டிருந்தது காதில் விழுந்தது. "பதினேழு... பதினெட்டு... பத்தொன்பது... இருபது." ஒரு எண் கூட விடவில்லை. கணக்கு நேராகி விட்டது.

நேற்று மறுபடி சிலிண்டர் வந்தது. ஹாலில் அப்பா ரிமோட்டை மூக்கில் வைத்துக் கொண்டு கோயில் யானையாக ஆடிக் கொண்டிருந்தார். வந்தவர் என்னை ஒரு தடவை, அப்பாவை ஒரு தடவை பார்த்து விட்டு, என் மனைவியிடம் பரிதாபமாகச் சொன்னார்:

"அடப் பாவமே... பரம்பரையா வர்றதாம்மா இது?"