பழைய லேப்டாப்பைப் பிரிக்கும் முன் பில்லைப் பேசுங்கள்

பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல ஐ7 போட முடியுமாண்ணே?" என்பதுதான். கடைசிவரை கேட்காத கேள்விகள் இரண்டு. உள்ளே போட்ட பார்ட்டின் சீரியல் நம்பர் என்ன? கழற்றிய ஹார்ட் டிஸ்க் எங்கே? கேட்காததன் விளைவு சில வாரங்களில் தெரியும். புதுசு என்று சொல்லிப் போட்ட டிஸ்க் நின்றுபோகும். "அது எங்க கடைப் பொருளே இல்ல" என்பார் கடைக்காரர். காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை, அலுவலகங்கள் கழித்துவிட்டவை, அக்கா படித்து முடித்துத் தம்பி கைக்கு வந்தவை என்று ஏராளமான பழைய லேப்டாப்கள் இன்னும் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் செலவழிக்கும் பணத்தைப் புராசஸரில் போடாமல் டிஸ்க்கில் போட வேண்டும். டிஸ்க்கை மாற்றினால், பில்லும் பழைய டிஸ்க்கும் கைக்கு வராமல் கடைப் படி இறங்கக் கூடாது.

ஏன் புராசஸர் வேண்டாம் என்பதை லேப்டாப்பே சொல்லிவிடும். மெதுவாக ஓடும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள இயந்திரங்களில் பெரும்பாலும் டிஸ்க் என்ற கட்டம் நூறு சதவீதத்தில் சிவந்து நிற்கும்; புராசஸர் கட்டம் இருபது முப்பதைத் தாண்டாது. ரேஷன் கடையில் பில் போடுகிறவர் தயாராக உட்கார்ந்திருக்க, கிடங்கிலிருந்து மூட்டை வராத கதைதான். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில், தேவையான இடம் ஊசிக்கு அடியில் வந்து சேரவே பல மில்லி செகண்ட் ஆகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் கோப்புகளை எடுக்கச் சொன்னால் நொடிக்கு நூறு முறை படிப்பதற்குள் அது திணறிவிடும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதே வேலையை நொடிக்கு ஆயிரக்கணக்கில் செய்யும். மூட்டை வராத கடையில் பில் போடும் ஆளை மாற்றி என்ன பயன்? மெமரி நான்கு ஜிபிக்குக் கீழே இருந்தால் அதையும் எட்டாக்குவது நல்லது. புராசஸர் கடைசியில்தான், பெரும்பாலோருக்கு அந்தக் கடைசி வரவே வேண்டியதில்லை.

அப்படியே மாற்ற ஆசைப்பட்டாலும் எல்லா லேப்டாப்பிலும் புராசஸர் கழன்று வராது. இன்டெல்லின் நான்காம் தலைமுறை வரை சில மாடல்களில் அது சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் உள்ள சின்னத் திருகைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். ஐந்தாம் தலைமுறையிலிருந்து லேப்டாப் புராசஸர்கள் மதர்போர்டோடு பற்றவைத்தே வருகின்றன. பெயரின் கடைசியில் யூ என்றோ ஹெச்கியூ என்றோ இருந்தால் அது பற்றவைத்தது. எம் அல்லது எம்கியூ என்றிருந்தால் சாக்கெட்டாக இருக்க வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் பேக்கேஜ் என்ற வரியைப் பாருங்கள்: 988, 947 போன்ற எண் வந்தால் கழற்றலாம், 1023, 1168, 1364 என்று வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். பற்றவைத்ததையும் "ரீபாலிங் பண்ணி மாத்தித் தர்றோம்" என்று சொல்லும் கடைகள் உண்டு. சூடு சற்றுப் பிசகினால் மதர்போர்டே போய்விடும். அதற்குப் பொறுப்பேற்று எழுதித் தருவாரா என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சாக்கெட் இருந்தாலும் பயாஸ் புதிய புராசஸரை ஏற்க வேண்டும். இரண்டாம் தலைமுறை போர்டில் மூன்றாம் தலைமுறையைப் பொருத்தினால் சாக்கெட்டில் உட்காரும், ஆனால் பல போர்டுகளில் திரை எழும்பாது. 35 வாட் புராசஸருக்காகச் செய்த விசிறியின் கீழே 45 வாட் நாலு கோர் புராசஸரை வைத்தால், அது சூட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

"வீடியோ எடிட் பண்றேன், எனக்குக் கோர் வேணுமே" என்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான தேவைதான். ஆனால் சாக்கெட் உள்ள சாதாரண லேப்டாப்கள் நான்காம் தலைமுறையைத் தாண்டியவை அல்ல. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0வும் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை மட்டும். எவ்வளவு கொட்டிப் புராசஸர் மாற்றினாலும் இந்தச் சுவரைத் தாண்ட முடியாது. எஸ்எஸ்டி அப்படியல்ல. லினக்ஸ் மின்ட், உபுன்டு என்று எதை ஏற்றினாலும் பயன் தரும்; லேப்டாப் போன பிறகும் கழற்றி வேறொன்றில் போடலாம்.

டிஸ்க் வாங்குவதிலும் கண் வேண்டும். பழைய லேப்டாப்புக்குப் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். எம்.2 துளை இருந்தால் அது சாட்டாவா என்விஎம்இயா என்று மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளர் கையேட்டில் பார்க்காமல் வாங்காதீர்கள்; சாட்டாவுக்கு மட்டுமான துளையில் என்விஎம்இ வேலை செய்யாது. மலிவு லேப்டாப்கள் சிலவற்றில் 32 அல்லது 64 ஜிபி சேமிப்பு போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அதைக் கழற்ற முடியாது. புதுசு என்று தருவதைக் கடையிலேயே போட்டு, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பவர் ஆன் ஹவர்ஸ் என்ற வரியைப் பாருங்கள். புதிய எஸ்எஸ்டியில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நாலாயிரம் மணி நேரம் என்று காட்டினால் அது எங்கோ உழைத்துக் களைத்து வந்த சரக்கு. அந்த எண்ணையும் அழித்து எழுதுகிற ஆட்கள் இருப்பதால், பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் திரையில் தெரியும் நம்பரும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள். அதைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதி வரை என்றும் பாருங்கள். விண்டோஸ் லைசென்ஸுக்குத் தனிக் காசு கேட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். விண்டோஸ் 8க்குப் பின் விண்டோஸோடு விற்ற லேப்டாப்களில் சாவி பெரும்பாலும் போர்டிலேயே இருக்கிறது. டிஸ்க்கை மாற்றினால் போகாது. ஓசியில் ஏற்றித் தரும் கிராக் விண்டோஸோடு வேறு என்னவெல்லாம் உள்ளே வருகிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது.

இனி பழைய டிஸ்க். "அதுல ஒண்ணும் இல்ல சார், போட்டோதான்" என்று விட்டுவிட்டு வருகிறார்கள். ஆதார் நகல், பான் கார்டு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, வாட்ஸ்அப் வெப், பெண்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அந்த 'ஒண்ணும் இல்ல'வுக்குள் அடக்கம். குவிக் ஃபார்மட் போட்டால் அழிந்துவிட்டது என்று நம்புவது வீண். அது அட்டவணையை மட்டும்தான் அழிக்கிறது, இலவச மென்பொருளே பெரும்பாலானவற்றை மீட்டுவிடும். ஹார்ட் டிஸ்க்கில் முழு ஃபார்மட் போட்டால் விண்டோஸ் ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யத்தை எழுதும். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். அதற்கு முன் ஒரு வேலை: டேட்டாவைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றியாயிற்று, திறந்தும் பார்த்தாயிற்று என்று ஆன பிறகே அழியுங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி சாவியை முதலிலேயே தாளில் எழுதி வையுங்கள். பழைய டிஸ்க் நல்லதாக இருந்தால் யூஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். "எக்ஸ்சேஞ்சுல ஐநூறு கழிச்சுக்கறேன்" என்று கடைக்காரர் சொன்னாலும் கொடுக்காதீர்கள். மறுபடி சொல்கிறேன், கொடுக்காதீர்கள்.

பில் விஷயத்துக்கு வருவோம். சென்னை ரிச்சி தெருவானாலும் ஊர்ப் பேருந்து நிலையத்து எதிர்க்கடையானாலும் கேட்கும் வசனம் ஒன்றுதான்: "பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் கூட ஆகும்." அந்தப் பதினெட்டை மிச்சம் பிடிக்கப் போய், மூன்று அல்லது ஐந்து வருட வாரண்டியையும் வழக்குப் போடும் வசதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட தாள் பில் ஆகாது. பில்லில் கடைப் பெயர், முகவரி, தேதி, பில் எண், கம்பெனி, மாடல், கொள்ளளவு, சீரியல் நம்பர், வாரண்டிக் காலம், பொருத்துக்கூலி இவ்வளவும் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி வாங்கினால் அதன் பதிவு எண்ணும். சிறிய கடைகள் ஜிஎஸ்டி பதிவு செய்யாமல் இருக்கலாம், அதற்காகப் பில்லே தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. லேப்டாப்பை விட்டுவிட்டு வருவதானால் ஜாப் ஷீட்டில் உள்ளே இப்போது இருக்கும் டிஸ்க், மெமரியின் சீரியல் நம்பரையும், 'பழைய டிஸ்க் திருப்பித் தரப்படும்' என்ற வரியையும் எழுதி வாங்குங்கள். பணத்தை யூபிஐயில் அனுப்புங்கள். கடையின் பெயரும் தேதியும் தானாகவே பதிவாகும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பில் தராமல் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் பிரிவு 2(47)இல் முறையற்ற வணிக நடவடிக்கை என்றே எழுதியிருக்கிறது. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற முத்திரை பழுதான பொருளுக்குச் செல்லாது. டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினத்தன்று பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் பேரணி விடும் துறை, இந்த இரண்டு வரியைச் சர்வீஸ் கடைகளின் கல்லாவுக்கு மேலே எழுதி மாட்டச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும். டேட்டாவைத் திருடியிருந்தால் வழி வேறு. அனுமதியின்றிக் கணினியிலிருந்து நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43இல் வருகிறது. கெட்ட நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66இன்படி மூன்றாண்டு வரை சிறை. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். "இது கடைக்காரரோட பேசித் தீர்த்துக்க வேண்டிய விஷயம்மா" என்று திருப்பி அனுப்பினால், அதே புகாரைத் தபாலில் எஸ்பிக்கு அனுப்ப பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173(4) இடம் தருகிறது.

பணம் திரும்ப வர வேண்டுமானால், முதலில் கடைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம்: என்ன வாங்கினோம், எப்போது பழுதானது, எவ்வளவு வேண்டும், பதினைந்து நாள் அவகாசம். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் புகார் பதிவு. அந்த உதவி மையம் கடைக்குத் தகவல் அனுப்பும், உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. அதை நம்பி மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடாதீர்கள். அதன் பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். "மூவாயிரம் ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்கு அலைவது, வக்கீலுக்கே பத்தாயிரம் ஆகுமே" என்பது எல்லோரும் சொல்வது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் தாக்கல் செய்யலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் செய்யலாம். டைப்பிங் சென்டர், டிசைன் வேலை என்று பிழைப்புக்காகத் தானே பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு இழுப்பதும் நடக்கிறது. காகிதம் சரியாக இருக்கும் மனு அதிகம் இழுக்காது. புகார் மனு, அதற்கான பிரமாண வாக்குமூலம், பில், ஜாப் ஷீட், யூபிஐ ரசீது, கடிதத்தின் நகலும் தபால் ரசீதும், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ திரையின் படம், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு ஆகியவற்றைத் தேதி வரிசையில் பக்க எண் போட்டுக் கட்டுங்கள். பழுதான டிஸ்க்கை வேறு கடையில் பிரிக்கக் கொடுக்காதீர்கள். ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னால் அது பிரிக்காத நிலையில் இருக்க வேண்டும். காலவரம்பு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. கடைக்காரர் "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கணக்கில் கழிந்துகொண்டே இருக்கிறது.