தலைக்கவசமும் கழுத்து முறிவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'புட்பால்' என்று வழங்கும் ஆட்டம் இந்நாட்டுப் பள்ளிகளில் ஆடப்படும் கால்பந்து அன்று. அதன் பந்து இரு முனைகளும் கூரிய முட்டை வடிவமுடையது. கட்சிக்குப் பதினொருவராக நின்று ஆடுவர். பந்தைக் கையில் ஏந்திக்கொண்டோ எறிந்தோ எதிர்க்கட்சியின் எல்லைக் கோட்டைக் கடக்கச் செய்வதே ஆட்டத்தின் நோக்கம். பந்தை ஏந்தி ஓடி வருபவனை மறித்துக் கட்டிப் பிடித்துத் தரையில் வீழ்த்துவது எதிர்க்கட்சியாரின் வேலை. ஆகவே மோதல் என்பது இதில் தவறி நேர்வது அன்று, ஆட்டமே மோதல்தான். அந்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் மட்டும் ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் மாணவர்கள் இதனை ஆடுகின்றனர்.

இத்தகைய ஆட்டத்தில் விரல் முறிவதும் முழங்கால் பிசகுவதும் சாதாரணம். அவை ஆறிவிடும். ஆறாத காயம் ஒன்று உண்டு. மோதி விழுந்த பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் கண்ணை விழித்துத் தெளிவாகப் பேசுகிறான். ஆனால் தன் கைகால்கள் எங்கே கிடக்கின்றன என்பதே அவனுக்குத் தெரிவதில்லை. கழுத்தெலும்புகள் முறிந்து, அவற்றினுள் செல்லும் தண்டுவடம் நசுங்கியதன் விளைவு இது. இக்காயம் எண்ணிக்கையில் மிகவும் அரிதே. எனினும் இதனைத் தடுக்க முடியும் என்பது ஐயமற நிறுவப்பட்டிருப்பதால், அது நிறுவப்பட்ட வரலாறு உடற்பயிற்சி ஆசிரியர்கள் யாவரும் அறியத் தக்கதாகும்.

தொடக்க காலத்தில் ஆட்டக்காரர்கள் வெறுந்தலையுடனோ மெல்லிய தோல் தொப்பியுடனோ ஆடினர். உயிர்ச்சேதம் மிகுந்தமையால் 1905ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு விதிகள் திருத்தப்பட்டன. 1939ஆம் ஆண்டில் கெட்டியான பிளாஸ்டிக் தலைக்கவசம் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது எங்கும் பரவியது. 1950களில் முகத்தின் முன்னே கம்பித் தடுப்பும் சேர்ந்தது. மூக்கும் பல்லும் உடையும் என்ற அச்சம் அதனுடன் அகன்றது. அந்த அச்சம் அதுகாறும் செய்துவந்த காவலும் உடன் அகன்றதை அப்போது எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. தலையை முன்னே நீட்டி எதிரியின் மார்பில் முட்டும் முறையை 1960களில் பயிற்சியாளர் பலர் நல்ல உத்தியாகவே கற்பித்தனர். குனிந்த தலையின் உச்சியால் ஈட்டிபோல் பாய்ந்து தாக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று. 1968ஆம் ஆண்டில், பள்ளி முதல் தொழில்முறை வரையிலான எல்லா நிலைகளிலும் சேர்த்து, ஆட்டத்தில் நேரடியாக ஏற்பட்ட காயங்களால் இறந்தோர் 36 பேர்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பு அறுவை மருத்துவர் ரிச்சர்டு ஷ்னைடர் 1959 முதல் 1963 வரை இவ்வகைக் காயங்களைத் தொகுத்து வைத்திருந்தார். பிலடெல்பியா நகரத்து எலும்பு மருத்துவர் ஜோசப் டோர்க், தலை, கழுத்துக் காயங்களுக்கென 1975ஆம் ஆண்டில் தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, 1971 முதல் 1975 வரையிலான ஐந்தாண்டுக் கணக்கைத் திரட்டினார். இரண்டையும் ஒப்பிட்டபோது வியக்கத்தக்க உண்மை ஒன்று வெளிப்பட்டது. மண்டையினுள் இரத்தம் கசிந்த காயங்கள், லட்சம் ஆட்டக்காரருக்கு 3.39 என்ற விகிதத்திலிருந்து 1.15க்கு இறங்கியிருந்தன. அதே இடைக்காலத்தில் கழுத்தெலும்பு முறிந்தோ விலகியோ போன நிகழ்ச்சிகள் 1.36இலிருந்து 4.14ஆக உயர்ந்திருந்தன. கைகால் நான்கும் நிரந்தரமாகச் செயலற்றுப் போனவர்கள் முந்தைய ஐந்தாண்டுகளில் 30 பேர். பிந்தைய ஐந்தாண்டுகளில் 99 பேர். கவசம் தலையைக் காத்தது. காயம் கழுத்துக்கு இறங்கியது.

கவசத்தின் பின் விளிம்பு கழுத்தில் வெட்டுவதே இதற்குக் காரணம் என்று சிலர் கருதினர். கழுத்து அளவுக்கு மீறி முன்னே மடங்குவதால் முறிகிறது என்பது வேறு சிலர் கொள்கை. காயம் நேர்ந்த ஆட்டங்களின் திரைப்படச் சுருள்களை டோர்க் குழுவினர் மெதுவாக ஓடவிட்டு ஆராய்ந்தபோது இவ்விரு கொள்கைகளும் நிற்கவில்லை. காயமுற்றவர்களிற் பெரும்பாலோர், பந்துடன் ஓடியவனை வீழ்த்தச் சென்றவர்கள். தலையைத் தாழ்த்தி உச்சந்தலையால் மோதியவர்கள்.

ஏன் இவ்வாறு நேர்கிறது என்பதை அறியக் கழுத்தின் அமைப்பைச் சிறிது நோக்க வேண்டும். கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றிடையே மெத்தைபோல் அமைந்த தட்டுகள் உள்ளன. சுற்றிலும் தசைகளும் தசைநார்களும் பிணைந்துள்ளன. தலை நிமிர்ந்திருக்கும்போது இந்த அடுக்கு முன்புறம் சற்றே புடைத்து வில்போல் வளைந்திருக்கும். இவ்வளைவினால் தலையில் விழும் அடி தசைகளுக்கும் தட்டுகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. தலையைச் சுமார் 30 பாகை குனிந்தால் வளைவு மறைந்து, கழுத்து நேரான தூணாகிவிடுகிறது. அப்பொழுது உச்சியில் விழும் விசை முழுவதும் எலும்பு அடுக்கின் வழியே நேர்க்கோட்டில் இறங்கும். மோதியவுடன் தலை நின்றுவிடுகிறது; ஓடிவந்த உடலோ நிற்பதில்லை. முன்னே எஞ்சின் தடைபட்டு நிற்க, பின்னால் வரும் பாரவண்டிகள் தள்ளும்போது நடுவிலுள்ள வண்டி நொறுங்குவது போல, தலைக்கும் உடலுக்கும் இடையே கழுத்து நசுங்குகிறது. இவையனைத்தும் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுவதால், தசையை இறுக்கிக் காத்துக்கொள்ள எவனுக்கும் அவகாசம் இல்லை.

இதனை வகுப்பறையில் ஒரு ஈர்க்குச்சியைக் கொண்டே காட்டலாம். சற்று வளைத்துப் பிடித்த ஈர்க்கை இரு முனைகளிலும் அமுக்கினால் அது மேலும் மேலும் வளைந்து கொடுக்கும். நேராகப் பிடித்த ஈர்க்கோ முதலில் எதிர்த்து நின்று, பின் திடீரென்று ஒரு புறமாகத் துள்ளி மடங்கும். அவ்வாறு மடங்கும் இடத்திலேதான் எலும்பு முறிகிறது. நீர் குறைந்த கிணற்றிலோ ஆற்றிலோ தலைகீழாகப் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொள்வோருக்கு நேர்வதும் இதுவே. அங்கே எதிரியின் உடலுக்குப் பதிலாகத் தரை நிற்கிறது.

கழுத்தின் நான்காம் நரம்பை முதன்மையாகவும், மூன்றாவதையும் ஐந்தாவதையும் துணையாகவும் கொண்டே உதரவிதானம் இயங்குகிறது. எனவே தண்டுவடம் அந்த மட்டத்திலோ அதற்கு மேலோ நசுங்கினால் மூச்சே நின்றுவிடக்கூடும். ஐந்தாம், ஆறாம் மட்டங்களில் நசுங்கினால் உதரவிதானத்தின் இயக்கம் எஞ்சும். தோளை அசைக்கவும் முழங்கையை மடக்கவும் இயலும். விரல்களின் பிடிப்பு போய்விடும். தண்டுவடத்தின் இழைகள், தோலும் எலும்பும் கூடுவதுபோல் மீண்டும் கூடுவதில்லை. இக்காயத்தில் வருமுன் காத்தலுக்கு இத்துணை முதன்மை தரப்படுவது இதனாற்றான்.

டோர்க்கின் கணக்குகளை ஏற்று, கல்லூரி விளையாட்டுச் சங்கமும் உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பும் 1976ஆம் ஆண்டில் விதிகளை மாற்றின. தலையின் உச்சியையோ முகத்தையோ முதன்மையான ஆயுதமாகக் கொண்டு மோதுவது தடைசெய்யப்பட்டது. தலையை நிமிர்த்தி, எதிரியைக் கண்ணால் கண்டு, தோளால் தாங்கிப் பிடிக்குமாறு பயிற்சியாளர்கள் கற்பிக்கத் தொடங்கினர். 1976ஆம் ஆண்டுப் பருவத்தில் நான்கு கைகால்களும் செயலிழந்தவர்கள் 34 பேர். அடுத்த பருவத்தில் 18 பேர். 1984ஆம் ஆண்டில் 5 பேர். இம்மாறுதலுக்குப் புதிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. தலைக்கவசத்திற்கான தர நிர்ணயம் 1973ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, 1980ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கட்டாயமாயிற்று என்பது உண்மையே. ஆயினும் அது மண்டையைக் காப்பதற்கான தரமேயன்றிக் கழுத்துக்கானது அன்று. குனிந்து மோதுபவனின் கழுத்தைக் காக்கும் தலைக்கவசம் இன்றளவும் செய்யப்படவில்லை.

இருப்பினும் வெற்றி முழுமையானது என்று சொல்வதற்கில்லை. 1989 முதல் 2002 வரையிலான காலத்தில் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் ஆண்டுக்குச் சராசரி 6 பேர் இந்நிலைக்கு ஆளாயினர். ஒரு பள்ளியின் 1975, 1990ஆம் ஆண்டுகளின் ஆட்டப் படங்களை ஒப்பிட்டபோது, தலை குனிந்து மோதுவது மொத்தத்தில் பெரிதும் குறையவில்லை என்று தெரிந்தது. பந்தை ஏந்தி ஓடுபவன் பிடிபடப்போகும் கணத்தில் தலையைக் குனிவது இயல்பான செயல். நடுவர்களும் அதனைப் பிழையென அறிவிக்கத் தயங்குவர். விதியைப் புத்தகத்தில் எழுதிவைத்தல் எளிது, விசிலை ஊதுதல் அரிது போலும். 2010ஆம் ஆண்டு அக்டோபரில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆட்டக்காரர் எரிக் லெகிராண்டு, எதிரியை வீழ்த்தப் பாய்ந்தபோது தலை தாழ்ந்து, மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகள் முறிந்து, கைகால்களின் இயக்கத்தை இழந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. பயிற்சியும் உடல்வலிமையும் மிக்கவருக்கே இவ்வாறு நேருமெனில், களைத்துப் போன பள்ளிச் சிறுவனைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

மோதலுக்குப் பின் ஒரு கையில் மட்டும் நெருப்புப் பட்டாற்போல் எரிச்சல் பாய்ந்து சில நிமிடங்களில் மறைவதுண்டு. இது பெரும்பாலும் நரம்பு வேரின் காயம். எரிச்சலும் வலுக்குறைவும் அறவே நீங்கி, கழுத்து வலியின்றி எப்புறமும் திரும்பும்வரை அம்மாணவனை ஆடவிடலாகாது. இரு கைகளிலோ, கைகால்கள் நான்கிலுமோ மரமரப்பு ஒரு கணம் தோன்றி மறைந்தாலும் அதைத் தண்டுவடக் காயமாகவே கொண்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 'ஒன்றுமில்லை சார், ஆடுகிறேன்' என்று மாணவன் சொல்வது சான்றாகாது. அவன் ஆட விரும்புகிறான் என்பதற்கு மட்டுமே அது சான்று.

விழுந்தவன் எழவில்லையெனில் செய்யத் தகாதவற்றில் முதலாவது, கைகொடுத்துத் தூக்கி உட்காரவைப்பது. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரு கைகளாலும் தலையை அசையாமல் பற்றிக்கொள்ள வேண்டும். மூச்சு வருகிறதா என்று பார்ப்பது அடுத்தது. முகங்குப்புறக் கிடந்தால், தலையைப் பற்றியவர் எண்ணிச் சொல்லும் ஆணைப்படி, மற்றவர்கள் தோள், இடுப்பு, கால் ஆகியவற்றைப் பிடித்து, மரக்கட்டையை உருட்டுவது போல உடல் முழுவதையும் ஒருசேரத் திருப்புவர். தலைக்கவசத்தை மட்டும் தனியே கழற்றுவது பெருந்தவறு. தடித்த தோள் மெத்தைகள் உடலை உயர்த்தியிருப்பதால், கவசம் நீங்கியவுடன் தலை பின்னே சரிந்து, முறிந்த கழுத்து மேலும் விலகும். கழற்றினால் இரண்டையும் சேர்த்தே கழற்ற வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்றோர் மூவரேனும் வேண்டும். அத்தகையோர் இல்லாதவிடத்து இரண்டையும் விட்டுவிட்டு, வாயை எட்டும்பொருட்டு முகக் கம்பியை மட்டும் அகற்றுவர். அதற்குரிய வெட்டுக் கருவியும் திருப்புளியும் ஒவ்வோர் ஆட்டத்திற்கு முன்னும் களத்தின் ஓரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது பொறுப்பாசிரியரின் வேலை. ஆம்புலன்ஸ் வண்டி எந்த வாயில் வழியாக வரும், அந்த வாயிலின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அவரே ஆட்டம் தொடங்குமுன் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.