பலகைக்குத் தளர்வு, உயிருக்கு எது காப்பு?

"விதிகளைத் தளர்த்துங்கள், வருவாய் பெருகும், வாணிபம் வளரும்!" விளம்பரப் பலகை முதலாளிகள் அரசுகளின் காதில் ஓயாமல் ஓதிவரும் மந்திரம் இது. மாநகராட்சிக்குக் கட்டணம், நில உரிமையாளருக்கு வாடகை, வணிகருக்கு விளம்பரம். எல்லோருக்கும் இலாபம்! நட்டம் எவருக்கு?

மும்பையைக் கேளுங்கள். 2024 மே 13ஆம் நாள் காட்கோபரில் புழுதிக் காற்று வீசிற்று. பெட்ரோல் நிலையத்தின்மீது இராட்சதப் பலகை சரிந்தது. 17 பேர் மாண்டனர். மாநகராட்சி வகுத்த உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி, அதாவது 1,600 சதுர அடி. அங்கே நின்றதோ 14 ஆயிரம் சதுர அடிக்கும் மேல்! நிலம் ரயில்வே போலீசின் வசம் இருந்தது. ஆகவே மாநகராட்சியின் அனுமதி தேவையில்லை என்றார்கள். காற்றுக்கு அந்த வாதம் புரியவில்லை!

காற்றின் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். பலகை பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் பெரிதாகும். அளவுக்கு வரம்பு வைத்தது அதிகாரியின் வீம்பினால் அல்ல, இந்தக் கணக்கினால்தான்.

தொலைவுக்குப் போவானேன்? கோவையை அடுத்த கருமத்தம்பட்டியில் 2023 ஜூன் மாதம் இரும்புச் சட்டம் சாய்ந்து மூன்று தொழிலாளர் உயிரிழந்தனர். பலகையில் சிரிக்கும் முகத்தை ஊரே பார்க்கிறது. அதை மாட்டுவதற்கு உயரே ஏறும் ஏழையை யார் பார்த்தார்கள்?

பலகை இல்லாவிடில் வாணிபம் படுத்துவிடுமாம்! பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரம் 2007 முதல் விளம்பரப் பலகைகளுக்குத் தடை விதித்தது. அங்கே கடைகள் மூடிவிடவில்லை; மறைந்து கிடந்த கட்டடங்களே வெளியே தெரிந்தன.

அரசுக்குச் சொல்வோம்: தளர்த்தாதீர்! அளவு, உறுதிச் சான்று, தொழிலாளர் பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் கண்டிப்பு வேண்டும். அரசு நிலமானாலும் தனியார் நிலமானாலும் விதி ஒன்றே ஆக வேண்டும்.

நம் தோழர்களுக்கும் ஒரு சொல். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஓர் இளம்பெண்ணின் உயிரைப் பறித்தது வணிகரின் பலகையன்று. கட்சிக்காரர் ஒருவரின் இல்லத் திருமணப் பதாகை! முதலாளிக்கு ஒரு நீதி, கட்சிக்காரனுக்கு ஒரு நீதியா? மக்கள் மனத்தில் இடம் பிடித்தவருக்கு நடைபாதையில் இடம் எதற்கு?