முட்டையும் மாவும் சிப்பியும்

இலங்கை மலையகத்து ஹேவாஹெட்டவுக்குக் கடல் கருவாடாகவும் டின் மீனாகவும்தான் மலையேறி வருகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இங்குள்ள தோட்டத் தொழிலாளரின் லயத்து அடுப்பில் முட்டையோடு வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு பிடி நெத்தலிக் கருவாடு சேர்த்துப் பொரித்தால் வீட்டிலுள்ள எல்லாருடைய சோற்றுக்கும் தொட்டுக்கொள்ள ஆகிவிடும். அந்த முட்டைப் பொரியலுக்குத் தென்சீனக் கரையில் ஒரு சொந்தம் உண்டு: சிப்பி ஆம்லெட்.

ஃபூஜியன் கரையும் அதை அடுத்த சாவ்ஷான் பகுதியும் அதன் தாய்வீடு. கிழங்கு மாவைத் தண்ணீராகக் கரைத்து, சிறு சிப்பிச் சதையைப் போட்டு, காய்ந்த கல்லில் ஊற்றி, மேலே முட்டையை உடைத்து விடுவார்கள். சூடு பட்டதும் சிப்பி நீர் விடும். வெறும் முட்டை அந்த நீரில் சொதசொதத்துப் போகும். மாவு அதைக் குடித்து, கண்ணாடிபோல் தெளிந்து, எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் முட்டையையும் கொஞ்சம் சிப்பியையும் வைத்துப் பல வயிறுகளை நிரப்பத் தெரிந்தவர்களின் சமையல் இது. அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்காகவே எனக்கு இதன்மேல் மதிப்பு.

தாய்வானில் சர்க்கரைவள்ளி மாவு, கீரை, மேலே இனிப்பான செந்நிறச் சாறு. 1661இல் டச்சுக்காரரை முற்றுகையிட்ட சீனத் தளபதி கொக்சிங்காவின் படை அரிசி கிடைக்காமல் இதைக் கண்டுபிடித்ததாக அங்கே ஒரு கதை வழங்குகிறது. கதையாக இருந்தாலும், பசியைக் காரணம் காட்டுவதால் எனக்கு அது பிடிக்கும். சாவ்ஷானில் கொழுப்பு தாராளம். மொறுமொறுவென்று பொரித்து, மீன் சாற்றில் தொட்டு உண்பார்கள். தாய்லாந்துக்காரர் சிப்பியின் இடத்தில் மட்டியைப் போட்டு, பயற்றம் முளையைச் சேர்த்தார்கள்.

சிங்கப்பூரிலும் பினாங்கிலும் புளிப்பேறிய மிளகாய்ச் சாறு வந்து சேர்ந்தது. கண்டிச் சீமை என்று அழைக்கப்பட்ட எங்கள் மலையகத்துக்கு ஆட்களை அனுப்பிய தமிழ்நாட்டு மாவட்டங்களே மலாயாத் தோட்டங்களுக்கும் அனுப்பின. அங்கே போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது தெருக்கடைப் பண்டம்.

ஹேவாஹெட்டவிலும் இதைச் செய்யலாம். சிப்பிக்காகக் காத்திருக்க வேண்டாம். நெத்தலியின் தலையைக் கிள்ளி, சுடுநீரில் ஊறவைத்துக் கழுவிக்கொள்ளுங்கள். இரண்டு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மா. நெத்தலி சிப்பிபோல் நீர் விடாது. ஆகவே மாவை மோர் பதத்துக்கு நன்றாக இளக்கிக் கரையுங்கள். முதலில் மாவு, அது தெளிந்த பிறகு நெத்தலி, கடைசியில் முட்டை. உப்புப் போட வேண்டாம். கருவாட்டில் இருப்பதே போதும்.