சிலிண்டரும் அடுப்பும் சேரும் இடம்

குளிர் நாடுகளில் புரொப்பேன் வாயுவை எரித்து வீட்டின் அறைகளைச் சூடாக்குவது உண்டு. திருநெல்வேலி வெயிலில் நமக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால் அதே புரொப்பேன், பியூட்டேனுடன் கலந்து, சமையல் வாயு என்ற பெயரில் நம் அடுக்களைக்கு வந்திருக்கிறது. பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை, பனைமட்டையும் உடைவிறகும் எரிந்த அடுப்படிகளில் இன்று சிலிண்டர் நிற்கிறது. அதை அடுப்புடன் இணைக்கும்போது என்ன நடக்கிறது, எங்கே கவனம் வேண்டும் என்று காண்போம்.

உள்ளே இருப்பது திரவம்

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோகிராம் எரிபொருள் இருக்கிறது. அதில் பெரும்பகுதி திரவம். புரொப்பேனின் கொதிநிலை -42 டிகிரி செல்சியஸ். பியூட்டேனின் கொதிநிலை ஏறத்தாழ -0.5 டிகிரி. அப்படியானால் நம் ஊர் வெப்பத்தில் இரண்டும் வாயுவாக அல்லவா இருக்க வேண்டும்? அழுத்தம்தான் அவற்றைத் திரவமாக வைத்திருக்கிறது. திரவத்தின் மேல் தங்கும் ஆவியின் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் பல மடங்கு. சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி வைக்கச் சொல்வது இதனால்தான். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே வெளிவரும். அது விரிந்தால் சுமார் 250 மடங்கு வாயுவாகிவிடும்.

ரெகுலேட்டரின் வேலை

இவ்வளவு அழுத்தத்தை அடுப்பு தாங்காது. இடையில் நிற்கும் ரெகுலேட்டருக்குள் ஒரு ரப்பர் சவ்வும் சுருள்வில்லும் உள்ளன. வாயுவின் அழுத்தம் ஏறினால் சவ்வு மேலெழும்பி, வாயு வரும் வழியைக் குறுக்கும். அழுத்தம் குறைந்தால் சவ்வு இறங்கி வழியை அகலமாக்கும். இவ்வாறு அடுப்புக்குச் செல்லும் மிகை அழுத்தம் சுமார் 3000 பாஸ்கலாக நிற்கிறது. குறுக்குத்துறைப் படித்துறையில் ஓர் அடி ஆழத் தண்ணீரில் நின்றால், உங்கள் பாதத்தின் மேல் தண்ணீர் தரும் அழுத்தமும் ஏறத்தாழ அவ்வளவுதான்!

இணைக்கும் முறை

முதலில் வீட்டிலுள்ள எல்லா நெருப்பையும் அணைக்க வேண்டும். பூஜை விளக்கையும் ஊதுபத்தியையும் மறக்கக் கூடாது. அடுப்பின் திருகுகளும் ரெகுலேட்டரின் திருகும் மூடியிருக்க வேண்டும். சிலிண்டரின் மூடியை எடுத்ததும் வால்வுக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் இடையே வாயு கசியாமல் அடைப்பது இந்தச் சிறு வளையமே. அது இல்லாவிட்டாலோ வெடித்திருந்தாலோ, மூடியைத் திரும்பப் பொருத்திவிட்டு வாயு விநியோகிப்பவரை அழையுங்கள்.

வளையம் சரியாக இருந்தால், ரெகுலேட்டரின் கருப்புப் பட்டையை மேலே தூக்கிப் பிடித்து, வால்வின் மேல் லேசாகச் சுழற்றி அழுத்திப் பொருத்தி, பட்டையைக் கீழே விட வேண்டும். ‘க்ளிக்’ என்ற ஓசை கேட்டால் பூட்டிக்கொண்டது என்று பொருள். இந்த வேலை பெரியவர்களுடையது. நீங்கள் அருகில் நின்று சரிபார்க்கலாம்.

ரப்பர் குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை குழாயை மாற்ற வேண்டும். வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். அடுப்பு, சிலிண்டரைவிட உயரத்தில் மேடைமேல் இருக்கட்டும்.

தீக்குச்சி வேண்டாம், சோப்பு நீர் போதும்

கசிவு உண்டா என்று தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. சோப்பு நீரைக் குழைத்து, அடுப்புத் திருகுகளை மூடி, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, இணைப்புகளின் மேல் தடவுங்கள். குமிழ் எழுந்தால் கசிவு உண்டு. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள சோப்புக் குமிழை ஊத ஏறத்தாழ 100 பாஸ்கல் மிகை அழுத்தமே போதும். குழாயிலோ அதைப்போல் 30 மடங்கு இருக்கிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத துளையும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கசிந்த வாயு எங்கே போகும்?

காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. புரொப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. எனவே கசிந்த வாயு மேலே போகாமல் தரையோரம் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு முதல் 9 பங்கு வரை அது கலந்திருந்தால் ஒரு சிறு பொறியே தீப்பற்றப் போதும். பள்ளத்திலோ நிலவறையிலோ சிலிண்டரை வைக்கக் கூடாது என்பதும், தரையோரமாகக் காற்று வெளியேற வழி வேண்டும் என்பதும் இதனால்தான்.

இயல்பில் இந்த வாயுவுக்கு மணம் கிடையாது. கசிவை நமக்கு உணர்த்தவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் மின்விளக்கைப் போடவும் வேண்டாம், எரிவதை அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் சுவிட்சுக்குள் பொறி பறக்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். வெளியே வந்தபின் 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

வாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவி உள்ள வீடுகளில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. மூடிய குளியலறையில் ஆக்சிஜன் குறைந்தால் எரிதல் முழுமை பெறாது. கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அந்த நச்சு வாயுவுக்கு மணமே இல்லை. மூக்கு எச்சரிக்காது. அக்கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் பொருத்த வேண்டும்.

இன்று மாலை உங்கள் வீட்டு ரப்பர் குழாயில் அச்சிட்டுள்ள ஆண்டைப் படியுங்கள். ஐந்தாண்டு கடந்திருந்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த சிலிண்டர் மாற்றும்போது ஒரு கிண்ணத்தில் சோப்பு நீருடன் அருகில் நில்லுங்கள்.