உஷார்! பிள்ளைக்குப் பொட்டலம் நீட்டுவது கூட்டாளிதான்

தாய்மாரே, இன்றைக்குப் பிள்ளை ஸ்கூல் விட்டு வந்ததும் முதலில் வாயைப் பாருங்கள். பையை அப்புறம் தடவிப் பார்க்கலாம். வாயைப் பாருங்கள்!

பசறை, லுணுகலை, ஹாலி-எல, பண்டாரவளை, எங்கே போனாலும் பெற்றோர் பயப்படுவது ஐஸ், தூள் என்கிற போதைப்பொருள்களுக்குத்தான். பயப்பட வேண்டியதுதான். ஆனால் அதற்கு வெகு முன்னாலேயே லயத்துக்குள் ஒரு சாமான் வந்து உட்கார்ந்துவிட்டது. சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம். உள்ளே சீவிய பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு. வேறு என்ன கலந்திருக்கிறது என்பது கலந்தவனுக்குத்தான் வெளிச்சம். பேர் மாவா.

கொடுப்பவன் யாரோ ஊர் பேர் தெரியாத வியாபாரி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, "போயிட்டு வாறேன் அம்மா" என்று சொல்லிப் போகிற பொடியன்தான்!

பதுளைக்கும் பசறைக்கும் இடையில் ஒரு தோட்டம். பேர் வேண்டாம். பையன் பத்தாம் வகுப்பு. அப்பா கொழும்பில் கடை வேலை. அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர். ஒன்றரைக்கு ஸ்கூல் விட்டால் பஸ் வரும்வரை நேரம் கிடக்கும். ஹோல்டில் நாலு பேர். ஒருவன் பொட்டலத்தைப் பிரித்துக் கன்னத்தில் ஒதுக்கினான். அடுத்தவன் எடுத்தான். மூன்றாமவனும் எடுத்தான். இவன் முறை வந்தபோது, "வேணாம்னா விட்ருடா" என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் இவன் முகத்தையே பார்த்தார்களாம். அவ்வளவுதான் நடந்தது.

சில மாதத்தில் கறி காரம் என்றான். அம்மா மிளகாயைக் குறைத்தார். பிறகு ரொட்டியைப் பொடிப்பொடியாகப் பிய்த்துத் தின்னத் தொடங்கினான். வாய்ப்புண் என்று நினைத்து அம்மா தேன் தடவினார். கடைசியில் கொட்டாவி விடக்கூட வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் டோர்ச் அடித்துப் பார்த்தால், கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தடவினால் நார் நாராக இறுகிக் கிடக்கிறது. பாக்கு செய்கிற வேலை அது. விட்டுவிட்டால் மேலும் இறுகாமல் தடுக்கலாம். இறுகிப் போனது பழையபடி இளகாது. நாளைக்கு அதுவே புற்றுநோயாகவும் திரும்பலாம்.

"எவன்டா ஒன்ன கட்டாயப்படுத்துனது?" என்று அம்மா அழுதார். "ஒருத்தரும் இல்லம்மா. எல்லாரும் போட்டாங்க" என்றான் பிள்ளை.

இந்தப் பதிலைத்தான் நாம் நம்ப மறுக்கிறோம்!

யாராவது வற்புறுத்தினால் வேண்டாம் என்று சொல் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வற்புறுத்தவே ஆள் இல்லாதபோது பிள்ளை யாரிடம் வேண்டாம் என்று சொல்வது? அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிற விளையாட்டு. தனியாகவும் ஆட விட்டார்கள், கூட்டாளிகளைப் பக்கத்தில் வைத்தும் ஆட விட்டார்கள். கூட்டாளிகள் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மாற்றமே இல்லை. 2011இல் ஸ்டைன்பெர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மூளையையும் படமெடுத்துப் பார்த்தார்கள். கூட்டாளிகள் அடுத்த அறையில் இருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே போதும், சந்தோஷத்தைத் தேடுகிற பகுதி அந்த வயதில் கூடுதலாக வேலை செய்கிறது. ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. பார்த்தால் போதும்!

ரயில் புட்போர்டில் தொங்குவதும், 220 மீட்டர் உயரத் தியலும அருவியின் உச்சிப் பாறைகளில் வீடியோவுக்காக நிற்பதும் இதே கணக்குத்தான். தனியாகப் போகிற பிள்ளை அதைச் செய்யாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் மடியிலேயே வெற்றிலைப் பை இருக்கிறது. குளிருக்கும் அட்டைக்கும் நடுவே மலையில் நிற்கிறவருக்கு அது ஓர் ஆறுதல், தெரியும். ஆனால் பாட்டி போடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மாவா ஒரு பெரிய விஷயமாகவே தோன்றுவதில்லை. சிகரெட் என்றால் கை நடுங்கும். இது பாக்குத்தானே! புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்துவிட்டது. இலங்கை ஆண்களை அதிகம் பிடிக்கிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்.

சட்டம் இருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். வாயில் போட்டு மெல்லுகிற புகையிலைக்கு 2016இலேயே தடை வந்தது. ஆனால் கூட்டாளியின் பொக்கெட்டை எந்தச் சட்டம் போய்த் தடவும்?

அதனால் கண்ணைத் திறந்து வையுங்கள்!

வழக்கமாகச் சாப்பிடுகிற கறி திடீரென்று எரிகிறது என்றால் உஷார். சட்டைக் கையில் சிவப்புக் கறை, பேசும்போது ஒரு கன்னம் மட்டும் உப்பல், வீட்டுக்குள் நுழையுமுன் பீலியடியில் வாய் கொப்பளிப்பு, இதெல்லாம் இருந்தால் விடாதீர்கள். பஸ் காசு கொடுத்தும் பிள்ளை நடந்து வந்தால் அந்தக் காசு எங்கே போனது? பேர் சொல்லாமல் "பொடியன்களோட இருந்தேன்" என்று மட்டும் சொன்னால், எந்தப் பொடியன் என்று கேளுங்கள். அம்மா வெளிநாட்டில், பிள்ளை பாட்டியோடு என்றால் பக்கத்துக் காம்பராக்காரர்களும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடிக்காதீர்கள். "அவனோட சேராதே" என்று கத்தவும் வேண்டாம். கத்தினால் சந்திப்பு நிற்காது, உங்களுக்குச் சொல்வது மட்டும் நின்றுவிடும். என்னைக் கேட்டால், அந்த நாலு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுங்கள். நாலு பேருடைய அம்மாமாரும் ஒருவருக்கொருவர் போன் நம்பர் வைத்திருங்கள். ஒன்றரை மணி முதல் பஸ் வரும்வரை பிள்ளை எங்கே என்பது யாராவது ஒரு பெரியவருக்குத் தெரிந்திருக்கட்டும். நாலு பேரும் சேர்ந்து அதை விட்டால்தான் ஒவ்வொருவனும் விடுவான். உங்கள் பிள்ளையை மட்டும் தனியே இழுத்தால் அடுத்த வாரமே திரும்பப் போய் நிற்பான்.

சந்தேகமாக இருந்தால் நடுவில் உள்ள மூன்று விரல்களையும் சேர்த்து, பல் வரிசைகளுக்கு நடுவே செங்குத்தாக நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லையா? நாளைக்கே அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும், பதுளை ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ஸ்கூல் வாசலில் எவனாவது விற்கிறான் என்று தெரிந்தால் 1929க்கு அடியுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் நம்பர், காசு போகாது.