மஃரிபு நாடும் நம் மழலையரும்

தென்காசியில் கதிரவன் சற்று முன்னதாகவே மறைந்துவிடுகிறான். குற்றால மலை அவனை மறைத்துக்கொள்ளத் தெருக்களில் நிழல் படர்கிறது. சிறிது நேரத்தில் பள்ளிவாசல்களிலிருந்து மஃரிபு பாங்கு எழுகிறது. அவ்வொலி கேட்டு விளையாட்டை விட்டு வீடு திரும்பும் சிறுவனிடம், “மஃரிபு என்று ஒரு நாடே இருக்கிறது, தெரியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். அவன் விழிகள் விரியும். கதிரவன் மறையும் இடம் என்பது அச்சொல்லின் பொருள். அரபுலகின் மேற்கு எல்லையில் இருப்பதால் மொராக்கோ மக்கள் தம் நாட்டை அல்மஃரிப் என்றே அழைக்கின்றனர். நம் ஊரில் மஃரிபு பாங்கு ஒலிக்கும் வேளையில் அங்கே நண்பகல் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பூகோளப் பாடம் ஒன்று அப்பொழுதே தொடங்கிவிடும்.

பிள்ளைகளுக்கான படநூல்கள் பலவும் அந்நாட்டை ஒட்டகம், மணல்மேடு, கம்பளம் என்னும் மூன்றுக்குள் அடக்கிவிடுகின்றன. அவை பொய்யல்ல, ஆனால் அட்லஸ் மலைமுடிகளில் பனி மூடிக்கிடப்பதை அப்பிள்ளை அறியாமலே போகிறது. தொலைவிலுள்ள நாட்டை விந்தைப் பொருளாகக் காட்டுவதினும், பிள்ளையின் கைக்கெட்டியதிலிருந்து தொடங்குவதே தக்கது என்பது எமது துணிபு.

சாரல் காலத்தில் குற்றாலப் பேரருவியைக் காட்டும்போதே உஸூத் அருவியைப் பற்றியும் சொல்லலாம். அட்லஸ் மலைப்பகுதியில் ஏறத்தாழ 110 மீட்டர் உயரத்திலிருந்து அது வீழ்கிறது. அங்கும் குரங்குகள் கூட்டமாகத் திரிகின்றன. வருவோர் கையிலுள்ள தின்பண்டத்தின்மேல் கண்ணாக இருக்கின்றன. நம் குரங்கிற்கு நீண்ட வால்; அந்தக் குரங்கிற்கோ வால் இல்லை. இதை எந்தப் பிள்ளையும் மறவாது. அங்குள்ளோர் புதினாத் தழையிட்ட தேநீரை உயரத் தூக்கிக் குவளையில் ஊற்றும் அழகைச் சொன்னால், நம் தேநீர்க் கடைக்காரர் ஆற்றும் அழகு அதற்குக் குறைந்ததா என்ற வழக்கும் எழக்கூடும்!

பெரியவர்களுக்கு ஒரு சொல். நம் அரபு மதரஸாக்களில் இலக்கணத்தின் தொடக்கப் பாடமாக விளங்கும் ‘அஜ்ரூமிய்யா’, 1323-இல் மறைந்த மொராக்கோ அறிஞர் இப்னு ஆஜுர்ரூம் இயற்றியது. அவர் வாழ்ந்தது ஃபாஸ் நகரில். காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் வேரூன்றிய ஃபாஸிய்யா ஷாதுலிய்யா தரீக்கா, அந்நகரின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது. அங்குள்ள கரவிய்யீன் பள்ளிவாசலை 859-இல் நிறுவியவர் பாத்திமா அல்ஃபிஹ்ரி என்னும் பெண்மணி என்பது வழிவழிச் செய்தி. இவற்றையெல்லாம் அறிந்த பாட்டனார் பலர் பேரப்பிள்ளைகளிடம் வாய் திறப்பதில்லையே என்பதுதான் நம் குறை.

அந்நாடு அரபியர் மட்டும் வாழும் நாடும் அன்று. அமாஸிக் எனப்படும் பெர்பர் மக்கள் அதன் தொல்குடியினர். அவர்தம் மொழி 2011-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அரபியுடன் ஆட்சிமொழியாயிற்று. உழவோடு பிறந்த அவர்களது புத்தாண்டிற்கு 2024 முதல் ஜனவரி 14 அரசு விடுமுறை. பொங்கல் விடுமுறையில் மகிழும் நம் மாணவர்க்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

எனினும், மொராக்கோவைத் தமிழ் மண்ணோடு நேரே பிணைப்பவர் இப்னு பதூதாவே. 1304-இல் தாஞ்சியரில் பிறந்து, 21 வயதில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு உலகைச் சுற்றியவர். இலங்கையிலிருந்து வருகையில் நம் கடற்கரையருகே அவருடைய கப்பல் உடைந்தது. அப்போது மதுரையை ஆண்ட கியாசுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறை. இருவரும் மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மருமக்கள். மதுரையில் கொள்ளைநோய் பரவியபோது இப்னு பதூதாவும் காய்ச்சலில் வீழ்ந்தார். அங்கு மிகுதியாகக் கிடைத்த புளியை நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு இளகி, இறையருளால் நலம் பெற்றதாக எழுதுகிறார். நம் அடுக்களைப் புளி மொராக்கோ நாட்டுப் பயணநூலில் ஏறிய கதை இது. இந்தியாவில் மாங்காய் ஊறுகாய் கண்டபோதும் தம் நாட்டில் எலுமிச்சையை ஊறவைக்கும் வழக்கமே அவர் நினைவிற்கு வந்தது.

ஆனால் அதே நூலில் வேறொன்றும் உண்டு. பிடிபட்ட இந்துக்களைப் பெண்டிர், பிள்ளைகள் என்றும் பாராமல் அந்தச் சுல்தான் கொல்வித்ததை அவர் நேரில் கண்டார். வேறெந்த மன்னரிடமும் தாம் அறிந்திராத இழிசெயல் என்றும், அதனாலேயே இறைவன் அவர் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். உறவினர், உபசரித்தவர், ஒரே மார்க்கத்தவர் என்ற எதுவும் அவர் எழுதுகோலைத் தடுக்கவில்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா என்று தயங்குவோர் உண்டு. மறைத்தால் நாளை வேறொருவர் வேறு நோக்கத்தோடு சொல்வார். அப்போது அதைக் கண்டித்தவரும் ஒரு முஸ்லிமே என்னும் பாதி விடுபட்டுப்போகும். ஆதலின் தொடக்கப் பள்ளியில் புளியின் கதையைச் சொல்வோம். பத்தாம் வகுப்பை எட்டும்போது மற்றதையும் நாமே சொல்வோம். அவர் ஊர் திரும்பியபின் சொல்லச்சொல்ல இப்னு ஜுஸய் எழுதி 1355-இல் முடித்த அந்நூலில் இரண்டும் ஒரே பகுதியில்தான் உள்ளன.